இலை உதிரும் மாதமும் இடி இறங்கும் மாதமும்

நம் நாட்டில் வசந்த காலம் உண்டா என்று கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் சிரித்துவிட்டு இல்லை என்பார்கள். வெயில் ஒன்று, மழை ஒன்று, இவற்றைத் தவிர மூன்றாவது பருவம் மலேசியாவில் கிடையாது என்பது ஆரம்பப் பள்ளியிலேயே நம் மனத்தில் பதிந்துவிடுகிறது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "ஏன் இல்ல? மரம் எலை கொட்டுற மாசம் இருக்கே!" என்று பதில் வரும்.

பிப்ரவரி பிறந்தால் பால்மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக நிறம் மாறி இலைகளைக் கொட்டத் தொடங்கும். நிரை நிரையாக நிற்கும் மரங்கள் வெறுங்கிளைகளோடு நிற்க, காலடியில் சருகு நொறுங்கும். சில வாரங்களில் தாமிர நிறத்தில் தளிர் விட்டு, மார்ச்சு மாத முடிவிற்குள் மீண்டும் பச்சைக் குடை விரிந்துவிடும். அமேசான் காட்டிலிருந்து வந்த மரம் இது. வறண்ட மாதங்களில் இலையை உதிர்த்து நீரைச் சேமிப்பது அதன் பிறவிக் குணம். அந்த வாரங்களில் பால் குறையும். வெட்டுக்காரர் வீட்டில் காசும் குறையும். ஆகவே தோட்டத்து மக்களுக்கு இந்த இளவேனில் கவிஞர்கள் பாடும் இளவேனிலாக ஒருபோதும் இருந்ததில்லை.

அந்தப் பால்மரக் காடுகளில் பெரும்பகுதி இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டது. செம்பனை இலை கொட்டாது. எனவே மாதத்தைச் சொல்லும் அந்த அடையாளமும் மறைந்துவிட்டது. ஆனால் வானிலை மாறவில்லை. லிங்சம், சுவா பெத்தோங், கெடஸ், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயர்களைச் சொல்லி வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழக மாணவர்களாக, அதே தோட்டங்களிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த மலைகளின் மேல் வார இறுதியில் ஏறுகிறார்கள். பருவ விடுமுறையும் மலையேற்ற ஆசையும் பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில்தான் ஒன்று சேர்கின்றன. ஆண்டிலேயே வானம் நம்மை அதிகமாக ஏமாற்றும் மாதங்களும் அவைதாம். அதனால்தான் இக்கட்டுரை.

காற்று மாறும் இடைவெளி

மலேசியாவின் வானிலையை ஆள்பவை இரண்டு பருவக்காற்றுகள். நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்கிலிருந்தும், மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும். இவ்விரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய மார்ச்சு இறுதி முதல் மே நடுப்பகுதி வரையும், மீண்டும் அக்டோபரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் ஓர் இடைவெளி உண்டு. அப்போது காற்று மெலிந்து, ஒரு திசையில் நிலையாக வீசாமல் தடுமாறும். நம் பங்குனி, சித்திரை மாதங்கள் முதல் இடைவெளிக்குள் விழுகின்றன.

காற்று மெலிந்தால் வானிலை அமைதியாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. வலுவான பருவக்காற்று மேகங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அது இல்லாதபோது, ஒவ்வொரு மலையும் தனக்கான மேகத்தைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. இதற்கு நெருப்பு மூட்டுவது சூரியன். மார்ச்சு 20, 21-ஆம் நாள் அளவில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், ஒரு வாரம் கழித்து மார்ச்சு 27, 28-இல் சிரம்பானின் உச்சிக்கு வந்துவிடுகிறது. நம் மாநிலத்தில் நண்பகல் நிழல் காலடிக்குள் ஒடுங்கும் நாட்கள் அவை.

நெகிரி செம்பிலானின் இருப்பிடமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடர் வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து இறங்கி வந்து இம்மாநிலத்தில்தான் தேய்ந்து முடிகிறது. வடகிழக்குப் பருவமழையை அது மறைக்கிறது. தென்மேற்கிலிருந்து வருவதைச் சுமத்ராவின் மலைகள் மறைக்கின்றன. தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடமாக நெடுங்காலமாகச் சொல்லப்படுவது இங்குள்ள ஜெலுபு பள்ளத்தாக்கு. அங்கே ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர். சென்னையின் ஆண்டு மழை 1,400 மில்லிமீட்டர் அளவுதான். நம்முடைய 'வறண்ட' இடமே சென்னையைவிட ஈரமானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வறட்சிக் கதையைக் கேட்க வேண்டும்.

இரு பக்கமும் மறைப்பு இருப்பதால், இம்மாநிலத்தின் உட்பகுதிகளுக்குப் பருவக்காற்று நேராக மழை கொண்டுவந்து கொட்டுவது குறைவு. அக்டோபர், நவம்பரிலும், அதற்கு அடுத்தபடியாக ஏப்ரல், மே மாதங்களிலும்தான் மழை உச்சம் தொடுகிறது. பிப்ரவரியில் சருகு நொறுங்கிய அதே இடத்தில் ஏப்ரலில் கால் புதையும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஆறு அல்லது எட்டு வாரம்.

ஒரு நாளின் கணக்கு

இடைக்காலத்து நாள் ஒன்று எப்படிப் போகும் என்று பார்ப்போம். விடியலில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். தோட்டத்துப் புல்லில் பனி, பள்ளத்தாக்கில் மெல்லிய மூடுபனி. ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறும். பத்து, பதினொரு மணிக்கு மலை முகடுகளின் மேல் மட்டும் பஞ்சுப் பொதி போலச் சிறு மேகங்கள் தோன்றும். கீழே தரை சூடேற, சூடான ஈரக்காற்று சரிவில் மேலேறுகிறது. மேலே குளிர்ந்து மேகமாகிறது. இதே நேரத்தில் போர்ட்டிக்சன் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வந்து, மேலும் ஈரத்தைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் சேர்க்கிறது. ஒரு மணிக்குள் பஞ்சுப் பொதி கோபுரமாகிவிடும். இரண்டு, மூன்று மணிக்குக் கோபுரத்தின் அடி கறுக்கும். பிறகு இடி.

கடிகாரத்தைப் பற்றி இங்கே ஒரு சிறு குறிப்பு. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 சனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டது. அதனால் நம் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணிக்கு. "மத்தியானத்துக்குள்ள எறங்கிடணும்" என்று பெரியவர்கள் சொன்னால், அது எந்தக் கடிகாரத்து மத்தியானம் என்று கேட்டுக்கொள்வது நல்லது!

இந்தக் கணக்கை ஏட்டில் படிக்காமலே வாழ்ந்தவர்கள் பால்மரம் வெட்டியவர்கள். இருட்டிலேயே எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, விடிவதற்குள் நிரையில் நிற்பார்கள். மரத்தின் உள்ளே பாலின் அழுத்தம் அதிகமாக இருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏற இலை நீரை இழக்கும். பால் ஓட்டமும் தளரும். பத்து, பதினொரு மணிக்கு மங்குகளிலிருந்து பாலை வாளியில் ஊற்றிச் சுமந்து, நண்பகலுக்குள் நிறுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. மாலை மழை அதன்பின் எப்படிக் கொட்டினாலும் கவலையில்லை. மரத்திற்காக ஏற்பட்ட இந்த நேர ஒழுங்கு, மலையேறிக்கு அப்படியே பொருந்துகிறது என்பது என் கருத்து. விடியலில் புறப்படு, முற்பகலில் உச்சியைத் தொடு, இடி தொடங்கும் முன் அடிவாரத்தில் இரு. எட்டு மணிக்கு ரொட்டிச் சானாய் கடையில் கூடி, ஒன்பதரைக்கு மலையடியில் படம் எடுத்து, பத்து மணிக்கு ஏறத் தொடங்கும் குழுக்கள் இந்தக் கணக்கில் தோற்றுப் போகின்றன. அவர்கள் உச்சிக்குப் போய்ச் சேரும்போது மேகமும் அங்கே வந்து சேர்கிறது.

மழை வருவதைத் தோட்டத்துப் பெரியவர்கள் உடம்பால் அறிந்தார்கள். எங்கள் பக்கத்து லயத்தில் இருந்த பாட்டி ஒருவர், "புழுங்குது, துணிய எடு தாயி" என்பார். பத்து நிமிடத்தில் முதல் துளி விழும். இதில் மாயம் எதுவும் இல்லை. புழுக்கம் என்பது காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை ஆவியாக மறுப்பது. மேகத்துக்கு வேண்டிய தீனியும் அந்த ஈரம்தான். அதன்பின் திடீரென்று ஒரு குளிர்காற்று அடிக்கும். விழுகின்ற மழைநீரில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி, மழைக்கு முன்னே நாலாபக்கமும் பாய்கிறது. மரங்களின் உச்சி சலசலத்து, உடம்பு சில்லிட்டால், இடிமேகம் மிக அருகில் இருக்கிறது என்று பொருள். ஏறிக் களைத்த மாணவர்கள் 'அப்பாடா, நல்ல காற்று' என்று பாறையில் சாய்ந்து உட்காருவது அந்த நேரத்தில்தான். உண்மையில் எழுந்து இறங்க வேண்டிய நேரம் அது.

உச்சியும் மின்னலும்

உலகில் இடி அதிகம் முழங்கும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. அண்டையிலுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 நாட்கள் இடி கேட்கிறது.

நெகிரி செம்பிலான் மலைகள் உயரத்தில் பெரியவை அல்ல. ரெம்பாவின் டத்தோ மலை 884 மீட்டர், உலு பெண்டுலுக்கு மேலுள்ள அங்சி மலை 825 மீட்டர், தெலாப்பா புரோக் 1,193 மீட்டர், மாநிலத்தின் மிக உயர்ந்த பெசார் ஹந்து மலை 1,462 மீட்டர். இடிமேகத்தின் உச்சியோ 15 கிலோமீட்டர் வரை எழும். அதன் முன்னே 800 மீட்டருக்கும் 1,400 மீட்டருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மின்னலுக்கு முக்கியம் சுற்றுவட்டாரத்தில் எது துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதே. அந்த வகையில் டத்தோ மலையின் உச்சி தனிக் கவனத்துக்குரியது. காடு முடிந்த இடத்தில் மாபெரும் பாறைகள் வானத்தை நோக்கி நிற்கின்றன. அவற்றின் மேல் ஏற இரும்பு ஏணிகள் உள்ளன. தெளிந்த காலையில் மலாக்கா நீரிணை வரை தெரியும் அருமையான இடம். இடி கேட்கும் வேளையில் அந்த ஏணியில் கை வைக்கக்கூடாது.

மின்னல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் தலைக்கு மேலேயே இறங்கலாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திறந்த உச்சிக்குத் திரும்பக்கூடாது. காட்டுக்குள் மின்னல் தெரியாமல் இடி மட்டும் கேட்கும். அங்கே எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். இடி காதில் விழுந்தாலே அது எட்டும் தூரம்தான்.

முகட்டைவிட்டு இறங்கி, ஒரே உயரமாக அடர்ந்து நிற்கும் சிறு மரங்களுக்கிடையே செல்வது நல்லது. தனித்து உயர்ந்த மரத்தடி, பாறைப் பொந்து, ஓடைக்கரை மூன்றும் ஆகா. குழுவாக ஒட்டி நிற்காமல் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஒருவருக்கு அடிபட்டாலும் மற்றவர்கள் உதவ முடியும். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்ற அச்சம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. அவர் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. 999-ஐ அழைப்பதும் அதே நேரத்தில் நடக்க வேண்டும்.

ஆற்றின் தலை

மின்னலைவிடச் சத்தமில்லாமல் வருவது வெள்ளம். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயெர்' என்கிறார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். மலையுச்சியில் கொட்டிய மழை, பல ஓடைகளில் பிரிந்து இறங்கி, கீழே ஒரே ஆற்றில் சேரும்போது சுவர் போல எழுந்து வருகிறது. குளிக்கும் இடத்தில் அப்போது வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். இதுதான் இதன் கொடுமை. 2021 ஆகஸ்டு 18-ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையில் பெய்த கனமழையால் யான் வட்டாரத்தில் இத்தகைய வெள்ளம் இறங்கி ஆறு உயிர்களைக் கொண்டுபோனது.

அங்சி மலைக்கு இரண்டு வழிகள் உள்ளன. உலு பெண்டுல் பொழுதுபோக்கு வனத்திலிருந்து செல்லும் நீண்ட வழி, தொடக்கத்தில் ஆற்றை ஒட்டியே போகிறது. நிழலும் நீரும் நிறைந்தது, புதியவர்களுக்கு இதமானது. புக்கிட் பூத்துஸ் கணவாயிலிருந்து ஏறும் வழி குறுகியது, செங்குத்தானது, முகட்டிலேயே செல்வது. 1875 டிசம்பரில் ஆங்கிலேயப் படை சண்டையிட்ட அதே கணவாய் இது. வானம் ஐயத்துக்கிடமான நாளில் எது நல்லது? ஆற்று வழியில் வெள்ளம். முகட்டு வழியில் மின்னல். இரண்டில் எது சிறியது என்று தேடுவதைவிட, இரண்டுமே காலை வேளையில் பாதுகாப்பானவை என்பதைப் பிடித்துக்கொள்வதே சரி. திரும்பும்போது நண்பகல் தாண்டிவிட்டால், களைப்புத் தீர ஆற்றில் இறங்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

தெளிந்து ஓடிய நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, நீர்மட்டம் சட்டென்று மாறுவது ஆகியவை அடையாளங்கள். ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்க நிற்காமல் கரையேறி, மேட்டுக்குப் போக வேண்டும். மறுகரையில் சிக்கிக்கொண்டால் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருங்கள். சிற்றாற்று வெள்ளம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

வெயிலும் குளிரும்

மார்ச்சு மாதத்தின் முதல் பாதியில் தொல்லை வேறு வகை. அப்போது மழை இன்னும் தொடங்கியிருக்காது. அடிவாரம் வரை பால்மரம் இருக்கும் இடங்களில் இலையில்லாத மரங்கள் நிழல் தருவதில்லை. எல்நினோ வந்த ஆண்டுகளில் இந்த வெப்பம் எல்லை மீறும். பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் 40.1 பாகை பதிவானது. 2016 மார்ச்சில் வடமாநிலங்களில் வெப்பத்தால் பள்ளிகளுக்கு விடுமுறை விட நேர்ந்தது. வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி, மூன்று நாள் தொடர்ந்து உச்ச வெப்பம் 35 முதல் 37 பாகை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. முதல் நிலை அறிவிக்கப்பட்டாலே மலைப் பயணத்தைத் தள்ளிவைப்பது அறிவுடைமை. தலைவலி, குமட்டல், பேச்சுக் குழறல் தென்பட்டால் நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே கீழே தகவல் அனுப்ப வேண்டும்.

அதே மலையில் மூன்று மணி நேரம் கழித்துக் குளிரில் நடுங்கவும் முடியும் என்றால் பலர் நம்புவதில்லை. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். பெசார் ஹந்து மலையின் உச்சி கடற்கரையைவிட எட்டு, ஒன்பது பாகை குளிர்ந்தது. புயல்காற்று மேலும் சில பாகையைப் பறித்துக்கொள்ளும். வியர்வையிலும் மழையிலும் ஊறிய பருத்திச் சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சும். பேரவைச் சின்னம் பொறித்த பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே நிறத்தில் மலை ஏறுவது படத்துக்கு அழகுதான்! பையில் விரைவில் உலரும் சட்டை ஒன்றும், மழை அங்கியும், தலைவிளக்கும் இருக்கட்டும். கருமேகம் சூழ்ந்தால் காட்டுக்குள் ஐந்தரை மணிக்கே பாதை தெரியாது.

முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியில் மாவட்ட வாரியாக முன்னறிவிப்பு கிடைக்கிறது. கோலப்பிலா, ரெம்பாவ், ஜெலுபு என்று தேடிப் பார்க்கலாம். ஆனால் அது மாவட்டத்துக்கான முன்னறிவிப்பு, மலைக்கானது அன்று. 'பிற்பகலில் சில இடங்களில் இடியுடன் மழை' என்றால், அந்தச் சில இடங்களில் மலை முதலிடம் பெறும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பார்த்த முன்னறிவிப்போடு நிறுத்திவிடக் கூடாது. இடிமழை எச்சரிக்கை ஒருமுறை விடுக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. ஏனெனில் இத்தகைய மேகங்கள் ஓரிரு மணி நேரத்தில் பிறந்து வளர்கின்றன. புறப்படும் முன்னும், தொலைபேசிக்கு அலை கிடைக்கும் கடைசி இடத்திலும் பார்ப்பதே பயன்தரும். வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெறுவதும், திரும்பும் நேரத்தை ஊரிலுள்ள ஒருவரிடம் சொல்லிவைப்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை, செய்பவர் குறைவு.

மே இறுதியில் தென்மேற்குக் காற்று நிலைபெற்றதும் மாலை இடிகள் ஓரளவு அடங்கும். காலையை நம்பலாம் என்ற கணக்கு அப்போது சில நாட்களில் பொய்க்கும். சுமத்ராவிலும் நீரிணையிலும் இரவில் திரளும் மேகவரிசை விடியற்காலையில் மேற்குக் கரையில் ஏறி, பலத்த காற்றோடு ஓரிரு மணி நேரம் கொட்டும். 'சுமத்ரா' என்றே இதற்குப் பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். தோட்டங்களில் இந்த விடியல் மழைதான் பெரும்பாவி. பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பின் பெய்தால் பால் மங்குக்குப் போகாமல் மரத்தில் வழிந்து வீணாகும். பெரட்டுக் களத்தில் நின்று கிழக்கு வெளுப்பதைப் பார்க்காமல் மேற்கே மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம் பாட்டிமார். தோட்டத் தொழிலாளர்கள் நாட்கூலிக்குப் பதில் மாதச் சம்பளம் கேட்டுப் பல்லாண்டு குரல் கொடுத்ததற்கு இப்படிக் கழுவிக்கொண்டுபோன நாட்களும் ஒரு காரணம். பின்னாளில் வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடை போல நெகிழித் தாள் கட்டி மழைநீரைத் தடுத்தார்கள்.

மலையேறிகளுக்கு அந்த மேற்கு மின்னல் இன்றும் பயன்படும். அதிகாலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் நின்று போர்ட்டிக்சன் பக்கம் பாருங்கள். தொடர்ந்து மின்னினால் புறப்பாட்டை இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கலாம். அப்படித் தாமதமாகும் நாளில் உச்சியை விட்டுவிட்டுப் பாதி வழியில் திரும்புவதே முறை. ஜூன், ஜூலை மாதங்களில் மழை குறைவு, பாதை உலர்ந்திருக்கும். அதன்பின் ஆகஸ்டு, செப்டம்பரில் புகைமூட்டம் வரக்கூடும். 1997, 2015, 2019 ஆண்டுகளைப் போல அது தடித்து நின்றால், டத்தோ மலைப் பாறையில் நின்றாலும் கீழேயுள்ள ரெம்பாவ்கூடத் தெரியாது.